வானவில் அப்சிடியன்: கையாலேயே தேய்த்துப் பார்த்தது

அப்சிடியன் என்பது எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறி உண்டாகும் கண்ணாடிக் கல். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்துக் கல் என்று சீட்டு ஒட்டி வந்த வானவில் அப்சிடியன், இப்போது 2000 எண் உப்புத்தாளைத் தாண்டிவிட்டது. கடைசிப் பாலிஷ் மட்டும் பாக்கி. உள்ளங்கையில் அடங்கும் துண்டுதான். வந்தபோது வெறும் கறுப்பு. மேலே சாம்பல் படிந்த மாதிரி ஒரு மங்கல், உடைந்த ஓரத்தில் மட்டும் கண்ணாடிப் பளபளப்பு.

சிங்கப்பூரின் புகிஸ் பக்கம் ஃபூ லூ ஷோ கட்டடத்துக்குப் போனால் மணி, கைவளை, உருண்டை என்று பாலிஷ் போட்ட அப்சிடியன் நிறையவே பார்க்கலாம். எனக்கு வேண்டியது உடைத்தது உடைத்தபடி இருக்கும் கரட்டுக் கல். அதை இணையத்தில்தான் வாங்கினேன். சிங்கப்பூரில் குனிந்து பொறுக்க அப்சிடியன் கிடையாது. வேறு கல்லாவது பொறுக்கலாம் என்றால் இயற்கை வனப்பகுதிகளில் எதையும் எடுக்கக்கூடாது.

ஆனால் அப்சிடியனின் நெருங்கிய உறவுக்காரர் இங்கேயே இருக்கிறார்: புக்கிட் தீமா கருங்கல். இரண்டுமே சிலிக்கா அதிகமுள்ள, உருகிய பாறைக் குழம்பில் பிறந்தவை. பூமிக்கடியில் மெதுவாக ஆறியது படிகம் படிகமாகக் கருங்கல்லானது. மேலே வந்து சட்டென்று ஆறிய பிசுபிசுப்பான குழம்பு, அணுக்கள் வரிசையில் நிற்க அவகாசமே இல்லாமல் கண்ணாடியாக உறைந்துவிட்டது. அதே சர்க்கரைப் பாகு, விட்டுவைத்தால் கற்கண்டு, சட்டென்று ஆறினால் கண்ணாடி மிட்டாய் என்கிற கதைதான். ஒரு வித்தியாசம், கருங்கல் 20 கோடி ஆண்டு தாண்டியும் அப்படியே நிற்கிறது. அப்சிடியனுக்கு அந்த ஆயுள் இல்லை. கண்ணாடி நிலை நிரந்தரமில்லாததால் மெல்ல மெல்லப் படிகமாக மாறும், ஈரத்தையும் உறிஞ்சும். பனிச்செதில் (snowflake) அப்சிடியன் என்ற வகையில் தெரியும் வெள்ளைப் பூக்கள், அப்படி உள்ளுக்குள் வளர்ந்த கிரிஸ்டோபலைட் என்ற சிலிக்கா படிகங்கள்தான்.

தேய்க்கும் முன் இது செயற்கைக் கண்ணாடி இல்லையே என்று பார்த்துக்கொண்டேன். சமையலறைத் தராசே போதும், 0.1 கிராம் வரை காட்ட வேண்டும். கல்லின் எடை 182.6 கிராம். தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினால் 76.5 கிராம் காட்டியது, அது கல் விலக்கிய நீரின் எடை. கல்லின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி 2.39. அப்சிடியனுக்கு 2.35 முதல் 2.6 வரை வரலாம், ஆகவே பொருந்துகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியே 2.5 வரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. லென்ஸ் வைத்து, செயற்கைக் கண்ணாடியில் வரும் உருண்டைக் குமிழிகள் இருக்கிறதா என்றும், மெல்லிய ஓரத்தில் டார்ச் அடித்தால் புகை நிறத்தில் ஒளி ஊடுருவுகிறதா என்றும் பார்த்தேன். தெள்ளத்தெளிவான நீலத்தில் ‘நீல அப்சிடியன்’ என்று விற்பதை நான் வாங்குவதில்லை, பெரும்பாலும் உலைக் கண்ணாடிதான்.

தராசு கைவிரித்த இடமும் உண்டு. தாய்லாந்தில் எடுத்த டெக்டைட் ஒன்று வைத்திருக்கிறேன். அதுவும் கறுப்புக் கண்ணாடி, அதற்கும் 2.4 பக்கம்தான் வந்தது. ஆனால் அது எரிமலைக் கண்ணாடி இல்லை. ஏறக்குறைய 7,90,000 ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உருகித் தெறித்த மண். அதன் மேலெல்லாம் இருக்கும் சிறு குழிகளை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடிகிறது.

சரி, வேலைக்கு வருவோம். இந்தக் கல்லில் நிறம் என்று தனியாகச் சாயம் எதுவும் கிடையாது. ஹெடன்பெர்கைட் என்ற கனிமத்தின் கண்ணுக்கே தெரியாத நுண்குச்சிகள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கின்றன. ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போதுதான் நிறம் எழுகிறது. அடுக்கு எந்தச் சாய்வில் ஓடுகிறது என்று தெரியாமல் தேய்த்தால் கிடைப்பது பளபளப்பான கறுப்புக் கல் மட்டுமே. அதனால் இந்த வேலையில் பாதி, தேய்ப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

விளக்கை அணைத்துவிட்டுக் கல்லை நனைத்து, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினேன். எந்தப் பக்கம் நேராக என்னைப் பார்க்கும்போது பச்சை எழுகிறதோ, அடுக்குகள் அந்தப் பக்கத்துக்கு இணையாக ஓடுகின்றன. அதை வெள்ளைப் பேனாவால் குறித்துக்கொண்டேன். அடுக்குக்குச் சரியாக இணையாகத் தேய்த்தால் ஒரே நிறம் பரந்து கிடைக்கும். கொஞ்சம் சாய்த்துத் தேய்த்தால் பல அடுக்குகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு வரி வரியாக வரும். எனக்கு வரிதான் பிடிக்கும், அதனால் சாய்த்தேன்.

கற்களை உருட்டி உருட்டிப் பாலிஷ் போடும் உருளை இயந்திரம் வாங்கவில்லை. அடுக்குமாடி வீட்டில் நாள்கணக்கில் அது கடகடவென்று ஓடினால் கீழ்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? போதாக்குறைக்கு அப்சிடியன் ஒன்றோடொன்று மோதினால் ஓரம் பிறை பிறையாகச் சிதறும். மிச்சமிருந்த தரைஓடு ஒன்றின்மேல் சிலிக்கான் கார்பைடு உப்புத்தாளை நனைத்து ஒட்டவைத்து, 220, 400, 600, 1000, 2000 என்று கையாலேயே போனேன் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்). தண்ணீரில்லாமல் ஒரு இழுப்புக்கூடத் தேய்க்கக்கூடாது, தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. முதலில் விளிம்பை 45 பாகையில் மழுக்கினேன். கூரான விளிம்பிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்தால் போதும், அது தாளுக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக் கல்லின் முகம் முழுக்கக் கோடு இழுத்துவிடும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டேன். கட்டம் சீராக அழிந்தால் முகம் தட்டையாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கல்லையும் தரைஓட்டையும் விரல் நகத்தையும் நன்றாகக் கழுவிவிட்டு அடுத்த எண். திசையையும் 90 பாகை திருப்பிக்கொண்டேன், பழைய கீறல் தனித்துத் தெரிய. 600 முடியும்வரை முகம் சிலேட்டுச் சாம்பல். தண்ணீர் பட்டால் மட்டும் உள்ளே பச்சையும் அதையொட்டி ஊதாவும் எட்டிப்பார்க்கும், காய்ந்ததும் போய்விடும்.

“ஏம்மா, இன்னுமா முடியல? அந்த நேரத்துக்கு ரெண்டு கிலோ மாவு ஆட்டியிருக்கலாம்” என்றார் அத்தை. அவரிடம் டார்ச்சைக் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். இப்போது பின்பக்கத்தையும் தேய்க்கச் சொல்கிறார்!

தேய்த்த குழம்பைக் குழாயில் ஊற்றாமல் வாளியில் படியவிட்டு, கீழே தங்கியதைச் செய்தித்தாளில் சுருட்டிக் குப்பைக்கு அனுப்புகிறேன். என்ன இருந்தாலும் கண்ணாடித் தூள்.

ஹலிஸ்கோ என்ற சீட்டை இப்போதைக்கு அப்படியே நம்புகிறேன். உண்மையில் ஒவ்வொரு எரிமலையின் அப்சிடியனுக்கும் தனி வேதியியல் அடையாளம் உண்டு. மலேசியாவின் சாபா மாநிலத்தில், புக்கிட் தெங்கோராக் என்ற தொல்லியல் இடத்தில் கிடைத்த அப்சிடியன் துண்டுகள், 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் பாப்புவா நியூகினியின் தலசேயா பகுதியிலிருந்து கடல் வழியாக வந்தவை என்று அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அந்தச் சோதனையை என் தராசால் செய்ய முடியாது.

கடைசிப் பாலிஷுக்குச் சீரியம் ஆக்சைடு தூளை நீரில் குழைத்துப் பழைய ஜீன்ஸ் துணியில் தேய்க்க வேண்டும். கார்க் கண்ணாடிக் கீறல் நீக்கும் பெட்டிகளில் இதே தூள்தான் வருகிறது, ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்ததில் தண்ணீரில்லாமலே மூன்று வரிகள் தெரிகின்றன: பச்சை, ஊதா, நடுவில் மெலிதாகத் தங்க நிறம். முகம் முழுக்க முடித்த பிறகு பின்பக்கத்தைத் தட்டையாக விடாமல் கொஞ்சம் குவித்துத் தேய்க்கப் போகிறேன். குவிந்தால் அதே வரிகள் வளையம் வளையமாக மாற வேண்டும்.