நேட்டாலுக்குக் கப்பலேறிய சின்னத் தாத்தாவைத் தேடி

என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். திரும்பவே இல்லை. அவருடைய வாரிசுகளைத் தேடுவது என்று முடிவு செய்ததும் எல்லோரும் கேட்டது, “குடும்பப் பெயர் என்ன?” நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துதான். அங்கே இருக்கும் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் போன பிறகு உண்டானவை. அதனால் தேடலை அதிலிருந்து தொடங்க முடியாது.

ஆளின் பெயர், அப்பா பெயர், ஊர் இந்த மூன்றும்தான் வேண்டும். எங்களுக்கு உதவியது ஒரு பழைய கிரயப் பத்திரம். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று அதில் அப்பா பெயரும் ஊரும் தெளிவாக இருந்தன.

அப்புறம் கப்பல் பட்டியல்கள். சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-ல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்ததில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கூடவே வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை குறித்திருக்கிறார்கள். ஊர்ப் பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். கண்ணால் தேடினால் கிடைக்காது, வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். அன்றைய ஜில்லா எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது.

அப்பா பெயரும் ஊரும் ஒரே வரியில் பொருந்திய அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி. ஒருவரின் பிற்காலப் பதிவுகளிலும் அதே எண்ணைக் குறிப்பது அன்றைய வழக்கம். அங்கே உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் உள்ளன. அவற்றில் உள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர்கள் இருக்கும். சின்னத் தாத்தாவின் சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது அதில்தான் தெரிந்தது. முனுசாமி அங்கே முன்சாமி ஆனதும், கவுண்டர் கோவெண்டர் ஆனதும், முதலியார் மூட்லி ஆனதும் இப்படித்தான். பட்டமோ தாத்தா பெயரோ, பதிவேட்டில் ஏறியது அப்படியே தங்கிவிட்டது.

அவர் மனைவிக்கும் தனி எண் உண்டு. அந்த வரியில் இருக்கும் ஊர் செங்கல்பட்டு ஜில்லா. இப்போது அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.