நாத்துக்கு மார்க் போடற வேலை

சேலம் வெயில்ல உக்காந்துகிட்டு நெல்லு நாத்து குளிரு தாங்குதான்னு பாக்கற வேலைன்னு சொன்னா சொந்தக்காரங்க ஒரு மாதிரிதான் பாப்பாங்க. விதை கம்பெனிங்க, புது ரகம் உருவாக்கற ப்ரீடிங் செக்ஷன். நம்ம ஊருக்கு இது வேணாம்தான், ஆனா பீகார், அஸ்ஸாம் பக்கம் போரோங்கற குளிர்கால நெல் பட்டத்துக்கு நவம்பர் டிசம்பர்ல நாத்து விடறாங்க, அங்க குளிர்ல நாத்தங்காலே மஞ்சளாகி அழிஞ்சிரும், அந்த மார்க்கெட்டுக்குத்தான் இந்தப் பாடு.

நெல்லுல இண்டிகா, ஜப்பானிகான்னு ரெண்டு பெரிய இனம். நம்ம ரகமெல்லாம் பெரும்பாலும் இண்டிகா, 15 டிகிரிக்குக் கீழ போனாலே படுத்துக்கும். ஜப்பான் கொரியா பக்கத்து ஜப்பானிகா தாங்கும். 2015ல சீன விஞ்ஞானிங்க கோல்ட்1னு ஒரு ஜீனைக் கண்டுபிடிச்சாங்க, செல்லோட சவ்வுல இருக்கற புரோட்டீன் அது, குளிரு வந்ததும் கால்சியத்தை உள்ள விட்டு செல்லை உசார்படுத்துது, ஜப்பானிகாவுல அதுல ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருக்கறதுதான் வித்தியாசம். அதுக்கு முன்னாடி 2003லயே கலிஃபோர்னியா ரகம் எம்-202வையும் ஐ.ஆர்.50ஐயும் கிராஸ் பண்ணி குளிரு தாங்கறதுக்குப் பெரிய பங்கு உள்ள இடம் ஒண்ணு 12வது குரோமோசோம்ல இருக்குன்னு காட்டிட்டாங்க. குளிருக்குத் தோத்தது யாருன்னா ஐ.ஆர்.50, நம்ம தமிழ்நாட்டுல ஒரு காலத்துல ஓஹோன்னு ஓடின ரகம்!

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஜீனையெல்லாம் புடிக்கறதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் ட்ரே முன்னாடி குத்தவச்சு உக்காந்து ஒவ்வொரு நாத்தையும் பாத்து நம்பர் போட்டிருக்கணும். கடும் பச்சைன்னா 1, வெளுத்த பச்சை 3, மஞ்சள் 5, பழுப்பு 7, செத்துப்போச்சுன்னா 9. நம்ம பள்ளிக்கூடத்து மார்க்குக்கு நேர் தலைகீழு. இதுல 3க்கும் 5க்கும் நடுவுல இருக்கற வம்பு சொல்லி மாளாது, டியூப் லைட்டுல 3ன்னு தெரியறது ஜன்னல்கிட்ட கொண்டுபோனா 5 ஆயிரும்.

இன்னொண்ணு, சேம்பர்ல (நாத்து ட்ரேயை வெச்சு குளிரு காட்டற பெட்டி) இருந்து எடுத்த அன்னிக்கு பாத்து முடிவு பண்ணக்கூடாது. குளிர்ல இருக்கற வரைக்கும் எல்லாம் பச்சையாத்தான் நிக்கும், வெளிய வெளிச்சத்துக்குக் கொண்டாந்ததும்தான் இலை குழலாட்டம் சுருளும், ஏன்னா வேரு குளிர்ல மரத்துப்போய் தண்ணி இழுக்காது, இலை மட்டும் ஆவியா விட்டுகிட்டே இருக்கும். அப்பறம் நுனியில இருந்து வெளுத்துகிட்டு வரும். ஒரு வாரம் விட்டு நடுக்குருத்து புதுசா வருதான்னு பாத்தாதான் உண்மை தெரியும், பழைய இலை போனாலும் குருத்து வந்துட்டா அது பொழைச்ச நாத்து.

டிசம்பர்ல ஏற்காட்டுலயும் ஒரு துண்டு நிலம் எடுத்து நாத்து விடுவோம். அங்க ஒரு பெரியவரு, "ஏனுங்க தம்பி, மலைல நாங்க சாமையும் கேவுருமா போட்டுட்டு நிம்மதியா இருக்கறோம், நீங்க எதுக்கு நெல்லைக் கூட்டியாந்து நடுங்க வெக்கறீங்க"ன்னு கேட்டாரு. சேம்பர்ல ஜெயிச்சதெல்லாம் மலைல ஜெயிக்கறதில்லைங்க. சேம்பர்ல 9, 10 டிகிரில சுருக்கா அடி போட்டுப் பொழைக்குதான்னு பாக்கறோம், ஏற்காட்டுல பகல்ல நல்லா இருந்துட்டு ராத்திரி மட்டும் விறைக்கும், பனி மூடினா வெயிலும் கிடையாது, நாத்து சாகாது ஆனா வளராம குட்டையா மஞ்சளா நிக்கும். ரெண்டும் ஒரே குணமில்ல, ஜீனும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல. சூல் கட்டறப்போ குளிரு தாங்கறது இன்னும் வேற கதை, அப்ப மகரந்தம் கெட்டு கதிரு பதராயிரும், நாத்துல 1 வாங்கினது அங்க கோட்டை விடலாம்.

கம்பெனில மேல இருக்கறவங்களுக்கு மார்க்கர், அதாவது ஜீன் இருக்கான்னு காட்டற டி.என்.ஏ. அடையாளம், இருந்தா போதும்னு நினைப்பு. இண்டிகா ஜப்பானிகா கிராஸ்லயே பாதி பதரு வரும், அரிசியும் குட்டையா, ஒட்டற ரகமா மாறும், அதையெல்லாம் கழிக்க பேக்கிராஸ் மேல பேக்கிராஸ் அடிக்கணும், அதாவது நம்ம ரகத்தோடயே திரும்பத் திரும்பக் கலக்கணும். இப்ப அப்படி வந்த ஒரு லைன்ல குளிரு தாங்கற ஜீன் இருக்குன்னு லேப் ரிப்போர்ட் சொல்லுது. நான் 5 போட்டிருக்கேன். 3ஆ மாத்த முடியுமான்னு ரெண்டு தடவை போன் வந்துருச்சு, ட்ரே ஜன்னலோரம்தான் இருக்கு வந்து பாருங்கன்னு சொல்லிட்டேன்.