பழைய காரும் ஒட்டுப்பால் வாடையும்

ஆனி மாதம் 2009 மாடல் சின்ன கார் ஒன்று வாங்கினேன். முன்பு அதை வைத்திருந்தவருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்கள் ஊரான குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம். என்ஜின் நன்றாக இருந்தது, டயர் புதிது, விலையும் கைக்கு எட்டியது. உள்ளேதான் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்தாலே ஒட்டுப்பால் வாடை. ஒட்டுப்பால் என்பது சிரட்டையில் உறைந்த ரப்பர் பால்; அதை மூட்டை மூட்டையாக டிக்கியில் ஏற்றிப் பழகிய வண்டி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் பாலில் இருக்கும் புரதமும் மற்றவையும் பாக்டீரியாவால் சிதையும்போது உண்டாகும் அமிலங்கள்தான் அப்படி நாறுகின்றன.

முதலில் கார் கழுவும் கடை ஒன்றில் உள்பக்கத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். சீட்டில் நுரை அடித்தார்கள், டேஷ்போர்டை எண்ணெய் தேய்த்ததுபோல் மினுக்கினார்கள், சென்ட் தெளித்தார்கள். மூன்றாம் நாள் சென்ட் வாசமும் ஒட்டுப்பாலும் கலந்து முன்பைவிட மோசமானது. அந்த மினுக்கு மதிய வெயிலில் முன் கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூச வைத்தது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்த பிறகுதான் போனது. டேஷ்போர்டு மங்கலாக இருப்பதே ஓட்டுகிறவருக்கு நல்லது.

சரி, நாமே கழற்றிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். முன் சீட் ஒவ்வொன்றையும் நான்கு போல்ட் பிடித்திருந்தது, 14 நம்பர் ஸ்பேனர் போதும். இரண்டு போல்ட் துருவேறி அசையவில்லை. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விட்டதும் காலையில் வந்துவிட்டது. என் வண்டியில் ஏர்பேக் கிடையாது. இருக்கிற வண்டி என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிச் சிறிது நேரம் விட்ட பிறகுதான் சீட்டில் கை வைக்க வேண்டும். சீட் நகரும் தண்டவாளத்தில் கறுப்பு மணல் அடைந்திருந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் போய்வந்த வண்டிகளில் இது இருக்கும். இல்மனைட் என்ற கறுப்புக் கனிமம் கலந்த கனமான மணல், வேக்குவம் மட்டும் வைத்தால் லேசில் வராது. பழைய டூத் பிரஷ்ஷால் கிளறிக்கொண்டே உறிஞ்ச வேண்டியிருந்தது.

கார்ப்பெட்டைத் தூக்கினேன். முன் இடது பக்கம், அடியில் இருந்த கனத்த மெத்தை ஊறிக் கிடந்தது. கையால் அழுத்தினால் பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது, பூஞ்சை வேறு. மூக்கைக் கட்டிக்கொண்டு வெளியே எடுத்தேன். சிட்அவுட்டில் இரண்டு நாள் விரித்துப் போட்டும் காயவில்லை. குலசேகரத்தில் ஆனிச் சாரல் விட்டால்தானே!

ஆரல்வாய்மொழியில் இருக்கும் அக்காவிடம் போனில் புலம்பினேன். அத்தான் போனை வாங்கி, "இங்க கொண்டு வா மாப்ள, இங்க அடிக்கிற காத்துக்கு ஒரே நாள்ல காயும்" என்றார். ஓட்டுநர் சீட்டை மட்டும் திரும்ப மாட்டிக் காரை ஓட்டிப் போனேன், மற்றதையெல்லாம் சின்ன டெம்போவில் ஏற்றி அனுப்பினேன். ஒரே மாவட்டம்தான், ஆனால் மேற்கே மழை கொட்டும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றுதான் ஊளையிடும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள்!

அத்தான் ஒரு கேள்வி கேட்டார்: "காய வைக்கது இருக்கட்டும், தண்ணி எங்கேருந்து வந்துன்னு பாத்தியா?" நான் பார்க்கவில்லை. முன் உரிமையாளர் மழையில் கண்ணாடியை ஏற்றாமல் விட்டிருப்பார் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். காருக்குள் தரையின் வெறும் தகரத்தின் மேல் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, வண்டியை நிறுத்தியபடி இருபது நிமிடம் ஏசியை ஓடவிட்டோம். வெளியே வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டவில்லை. உள்ளே இடது பக்கத் தாள் நனைந்தது. ஏசித் தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாயில் குளவி மண் அடைத்திருந்தது. மெல்லிய கம்பியை மெதுவாக விட்டதும் ஒரு குவளைத் தண்ணீர் சேறாகக் கொட்டியது. புதுத் தாள் விரித்து ஹோஸால் கதவு மேல் தண்ணீர் அடித்தோம், மறுபடி ஈரம். கதவின் உள்பக்க மூடியான பேடைக் கழற்றினால் உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்தது, கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளும் மண்ணால் மூடிக் கிடந்தன. துளைகளைத் திறந்து, கனத்த பாலிதீன் வெட்டி ஒட்டினோம். மூன்றாவது முறை தாள் காய்ந்தே இருந்தது. இது முடியாமல் எவ்வளவு ஷாம்பு போட்டிருந்தாலும் ஆடியிலேயே நாற்றம் திரும்பியிருக்கும்.

ஊறிய மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன், அதைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். தகரத்தில் மேலோட்டமான துரு. தேய்த்து எடுத்து ரெட் ஆக்ஸைடு, அதன்மேல் பெயின்ட். டிக்கிக் கார்ப்பெட்டில் காய்ந்த ரப்பர் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. காய்ந்தபின் அது தண்ணீருக்கும் சோப்புக்கும் இளகாது. விரலால் உருட்டி உருட்டி எடுத்தேன், வராத இடத்தில் நூலின் நுனியைக் கத்தரித்தேன். பிறகு ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வேக்குவம். அமில வாடைக்கு அது நன்றாகவே கேட்கிறது. மூன்று ராத்திரி செய்தேன்.

சீட் துணிக்குக் குழந்தை ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பிரஷ். தண்ணீரை ஊற்றக் கூடாது, உள்ளே ஸ்பாஞ்சு குடித்துவிடும். நுரையை மட்டும் தேய்த்து உடனே உறிஞ்சி எடுத்தேன். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துக் கிளிப் போட்டுச் சோப்பால் துடைத்தேன். ப்ளீச் பக்கமே போகவில்லை, நாடாவின் பலம் போய்விடும்.

ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம், ஏறி இறங்கித் தேய்ந்து ஸ்பாஞ்சு நசுங்கியிருந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு குஷன் கடை அண்ணனிடம் முழுசும் ரெக்சின் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, நம்ம ஊரு வேர்வைக்கு முதுகு ஒட்டும். ஓரத்துல மட்டும் ஸ்பாஞ்சு வச்சு, இந்த ஒரு துண்டுத் துணியை மாத்தித் தாரேன்" என்றார். பெரிய வேலையைத் தள்ளிவிட்டுச் சின்ன வேலையைச் சொன்ன மனிதர்! தையல் எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

கூரைத் துணியில் ஒரு கறை இன்னும் இருக்கிறது. நனைத்துத் தேய்த்தால் பசை விட்டுத் தொங்கும் என்பதால் லேசாகத் துடைத்ததோடு விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்தபோது, காரை வெளியிலேயே நிறுத்திவிட்டு, ஐந்தாம் நாள் காலை கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. உச்சி வெயிலில் டிக்கி திறக்கும்போது மட்டும் பழைய வாடை லேசாக எட்டிப் பார்க்கிறது. பின்சக்கரத்து மேல் பேடுக்கு உள்ளே ஏதாவது ஒட்டியிருக்கலாம். தை பிறந்து மழை விட்டதும் அதைக் கழற்ற வேண்டும்.