சமீபத்தில் என்ன படித்தீர்கள்?

“என்ன, உன் புத்தகம் சரியில்லையா?”

மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. கேட்டவர் பக்கத்து வீட்டுத் தந்தீன். மொரீசியஸில் அத்தை, சித்தி வயதில் இருக்கிற எல்லாப் பெண்களும் தந்தீன்தான். ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன்.

“நாலைந்து நாளாகப் பக்கமே புரளவில்லையே. முகத்தைப் பார்த்தால், யாரோ கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராத மாதிரி இருக்கிறது.”

சுருக்கென்றது. புத்தகம் பிடிக்காமல் இல்லை. ஓர் இடத்தில் மனம் நின்றுவிட்டது, அவ்வளவுதான். அதை இந்த ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலில், அதுவும் என் அரைகுறைக் கிரியோலில், சொல்லத் தெரியாமல் “நல்ல புத்தகம், சோகம்” என்கிற தோரணையில் ஏதோ உளறினேன். தந்தீன் தலையை ஆட்டிக்கொண்டு துணி உலர்த்தப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் யோசித்தேன். நான் படிப்பதை இவர் எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்?

ரொம்ப நாளாக, என்று மெல்ல மெல்லத் தெரியவந்தது. தமிழ்ப் புத்தகம் கையில் இருந்தால் என் கால் ஆடுமாம், ஆங்கிலப் புத்தகம் என்றால் நெற்றி சுருங்குமாம். கொடியில் ஒரு துண்டு மட்டும் காய்ந்தால் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. இரண்டு போர்வை காய்ந்தால் விருந்தாளி வந்து போயிருக்கிறார்கள். போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை, அவசரத்துக்கு ஓர் ஆம்லெட் போட்டேன். தோசைக்கல் ஆறுவதற்குள் சுவர் மேல் தந்தீனின் தலை தெரிந்தது. இங்குள்ள தமிழர்கள் புரட்டாசியில் கோவிந்தன் விரதம் இருப்பவர்கள். அந்த மாதத்தில் அவர்கள் வீட்டுப் பக்கம் முட்டையின் நிழல்கூட விழக்கூடாது. “உங்கள் ஊரில் பெருமாள் இல்லையா?” என்று கேட்டாரே ஒரு கேள்வி! ராஜகோபால சுவாமி கோயில் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த மன்னார்குடிக்காரியைப் பார்த்து!

தந்தீனுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தேவாரம் பாடுவார். ரோமன் எழுத்தில் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று பூஜை அறையில் இருக்கிறது. அவருடைய முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டால் “மதராஸ்” என்பார். அதற்கு மேல் தெரியாது.

ரோஸ் ஹில்லுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இருந்த ஒரே குறை, இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பதுதான். கணவர் காலையில் எபேன் சைபர் சிட்டிக்குக் கிளம்பிவிடுவார். தெருவில் கார்கள் போகும், நாய்கள் குரைக்கும், மனித முகம் தென்படாது. பஸ்ஸில் ஏறினால் “போன்ஜூர்”, கடையில் நுழைந்தால் “போன்ஜூர்”, அதோடு சரி. இப்போது எல்லாம் பழகிவிட்டது. மெட்ரோவில் போர்ட் லூயி போய்த் திரும்புகிறேன், சந்தையில் பேரம் பேசுகிறேன், காத்தோ பிமா என்கிற குட்டிப் பருப்பு வடையை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறேன். ஊர் ஞாபகம் அவ்வளவாக வருவதில்லை.

எங்கள் பெரியம்மா வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினால் ஒரு கட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கீரை ஒரு சாக்குதான். பால்காரர் எந்த வீட்டில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுகிறார், தபால்காரர் யார் வீட்டு வாசலில் கையெழுத்து வாங்குகிறார், டியூஷன் முடிந்து வரும் பெண் ஏன் இன்று வேறு சந்து வழியாக வருகிறாள் எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பெண் பல தடவை நானாக இருந்திருக்கிறேன். கிளை நூலகத்திலிருந்து துப்பறியும் நாவலை நோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வருவேன். “நோட்டு ஏன் இவ்வளவு தடிமனா இருக்கு?” என்பார். அந்தக் கண்களிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் கல்யாணமாகி விமானம் ஏறியபோது நினைத்தேன். ஊர் ஞாபகம் வருவதில்லை என்று சொன்னேன் அல்லவா, சரி, போகட்டும்.

தந்தீன் விசாரித்த அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். மொரீசியஸில் பிறந்த நதாஷா அப்பனா பிரெஞ்சில் எழுதி 2007இல் வெளிவந்த நாவல் அது. ‘தி லாஸ்ட் பிரதர்’ என்று ஆங்கிலத்தில் வந்திருக்கிறது, நான் படித்தது அதைத்தான். நாஜிகளிடமிருந்து தப்பி ஓடி வந்த யூதர்கள் 1940இல் ஹைஃபா துறைமுகத்தில் இறங்கப் பார்க்கிறார்கள். சட்டவிரோதமாக வந்தவர்கள் என்று பிரிட்டிஷ் அரசு 1,500க்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றி, இந்தத் தீவுக்கு அனுப்பி, போ பாசான் சிறையில் அடைத்துவிடுகிறது. 1945 வரை அவர்கள் அங்கேயே இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இங்கேயே இறந்து, சேன் மார்த்தேன் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இதெல்லாம் நடந்த வரலாறு. நாவலில், ராஜ் என்கிற சிறுவனின் அப்பா அந்தச் சிறையில் காவலர். பையன் புதருக்குள் ஒளிந்துகொண்டு வேலிக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்படித்தான் அவன் வயதுள்ள டேவிட் கண்ணில் படுகிறான். அதற்கு முன்பே ராஜின் அண்ணனும் தம்பியும் வெள்ளத்தில் போய்விடுவார்கள். நான் நின்றுபோன பக்கம் அதுதான்.

எங்கள் வீட்டிலிருந்து அந்தச் சிறை அதிக தூரமில்லை. இன்றும் சிறையாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், வேலையைப் பார்த்துக்கொண்டு.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த நாலைந்து குடும்பங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ‘சமீபத்தில் என்ன படித்தீர்கள்?’ என்று ஆரம்பித்து சுண்டலில் முடியும் கூட்டம். ஒருவர் எப்போதும் பணம் சேர்ப்பது எப்படி என்கிற வகைப் புத்தகத்தோடு வருவார், அவர் பணம் சேர்த்ததாகத் தெரியவில்லை. இன்னொருவர் தொள்ளாயிரம் பக்கச் சரித்திர நாவலின் கதையை ஓர் அரசன் விடாமல் சொல்வார். என் முறை வந்தபோது இந்த நாவலைப் பற்றிச் சொன்னேன். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் பையன் என்றதும், அன்று கூடியிருந்த வீட்டு அண்ணனுக்கு ஒரு விளையாட்டு தோன்றிவிட்டது. “எல்லோரும் கண்ணை மூடுங்க. பக்கத்துல இருக்கிறவங்க என்ன உடுத்தியிருக்காங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

மானம் போயிற்று. மனித மனத்தின் ஆழம் பற்றி அரை மணி நேரம் பேசியவருக்குத் தன் மனைவி சேலையா சுடிதாரா என்பதே தெரியவில்லை. சரித்திரக்காரர், பக்கத்தில் இருப்பவருக்கு இல்லாத மீசையை வைத்துவிட்டார்.

அப்போது அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு இருந்தார். மூன்று மாத விசாவில் வந்திருந்தார். வாரப் பத்திரிகையில் ராசிபலன் தவிர வேறு எதுவும் படிக்கமாட்டார். மூலையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். யார் சட்டையில் மேல் பொத்தான் வேறு நிறம், யார் போன மாதம் போட்ட செருப்பையே தைத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது வரை. எல்லோரும் கை தட்டினோம். அந்த உற்சாகத்தில் அவர் கண்ணைத் திறந்து எதிரே இருந்த பெண்ணைப் பார்த்து, “ஏம்மா, போன தடவை கெட்டியா ரெண்டு வளையல் போட்டிருந்தியே, எங்கே?” என்று கேட்டுவிட்டார்.

சுண்டல் கிண்ணங்களில் கரண்டி நின்றது. அந்தப் பெண் “கழட்டி வச்சிருக்கேன் ஆண்ட்டி” என்று சிரித்தாள். அவள் கணவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். வரும் வழியெல்லாம் கணவரும் நானும் அத்தையோடு பேசவில்லை. இப்படியா சபையில் கேட்பது! படித்தவர்கள் கூடும் இடம், நாகரிகம் வேண்டாமா? வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. அத்தையோ, “கேட்காம எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அந்த வாரமே அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. எனக்கில்லை, அத்தைக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். ஊரில் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டில் சண்டை, எல்லாம். மாதா மாதம் அவளோடு உட்கார்ந்து துயர நாவல்களின் துயரத்தை அலசிய எங்களில் ஒருவருக்கும் இந்தச் சங்கதி தெரியாது. அவளுக்கு என்ன யோசனை சொன்னார் என்று அத்தையைக் கேட்டேன். “நான் என்ன சொன்னேன், ம் கொட்டினேன்” என்றார்.

அத்தைக்கும் தந்தீனுக்கும் வாய்த்த சிநேகத்தைத்தான் தனியாக எழுத வேண்டும். இவருக்குக் கிரியோல் தெரியாது, அவருக்குத் தமிழ் வராது. காலையில் காபி டம்ளரோடு இவர் சுவரோரம் போவார், அவர் அந்தப் பக்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நிற்பார். கை, கண், புருவம் மூன்றாலும் தெருவையே அலசி எடுத்துவிடுவார்கள். எதிர் வீட்டுக்காரர் குடியை விட்டுவிட்டார் என்பது அத்தை மூலமாகத்தான் எனக்குத் தெரியும்.

சந்தையில் முதல் நாளே ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்த்து, “இதுல தமிழ் இருக்கே!” என்றார் அத்தை. ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழ், அதற்குப் பிறகு இந்தி. 1998இல் புது நோட்டு அடித்தபோது இந்தியை மேலே வைத்துத் தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத தமிழர்கள்கூட அந்த வரிசை மாறியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். போராட்டம் வெடித்தது. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள். அந்தக் கதையைத் தந்தீன் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, அவரே கவர்னரோடு சண்டை போட்டு ஜெயித்த மாதிரி.

போர்ட் லூயியில் ‘அப்பிரவாசி காட்’ என்கிற படித்துறைக்கும் அத்தையை அழைத்துப் போனேன். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இறங்கிய துறை, 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அந்தப் படிகள் இன்னும் இருக்கின்றன. வந்தவர்களின் பதிவேடுகள் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. பெயர், ஊர், வயது, உயரம், உடம்பில் என்ன தழும்பு என்று ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆறுமுகம் ஆர்மூகுமாகவும், வீரப்பன் வீராப்பேனாகவும் மாறியதும் அந்த மாதிரிப் பதிவுகளில்தான். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அத்தை, “தழும்பை எல்லாம் பார்த்தவன் பேரை ஒழுங்கா ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார்.

சேன் மார்த்தேனுக்கு மூன்று பேரும் போனோம். நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டுத் தந்தீன்தான் கிளப்பினார், எந்த பஸ் என்பதும் அவருக்குத்தான் தெரியும். எபிரேய எழுத்துப் பொறித்த கற்கள் வரிசையாக இருந்தன. எனக்கு நாவலில் கிழவனாகிவிட்ட ராஜ் டேவிட்டின் கல்லறைக்கு வரும் இடம் நினைவில் ஓட, அதிலேயே மூழ்கிவிட்டேன். அத்தை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனார். சில கல்லறைகள் மேல் கூழாங்கல் வைத்திருக்கிறார்களே, ஏன் என்றார். பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போவது வழக்கம் என்றேன். “அப்போ இன்னும் யாரோ வந்து போறாங்க” என்று தந்தீனுக்குச் சைகையில் காட்டினார். தந்தீன் தலையசைத்தார்.

அத்தை மன்னார்குடி திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் வருவார். மகன் சாப்பிட்டானா என்பது முதல் கேள்வி, அதற்குப் பதில் வருவதற்குள் இரண்டாவது கேள்வி: மூன்றாவது வீட்டு நாய் குட்டி போட்டாயிற்றா, வளையல் பெண்ணின் தம்பி பரீட்சை எழுதினானா, எதிர் வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பித்துவிட்டாரா? தெரியாது என்றால், “அங்கேயே இருக்கே, தெரியாதுங்கிறே” என்று அலுத்துக்கொள்வார். அதனால் போனைச் சுவர் மேல் தந்தீனிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் கிரியோலிலும் இவர் தமிழிலும் கத்திக் கத்திப் பேசி முடிப்பதற்குள் எனக்கு ஓர் அத்தியாயம் ஓடிவிடுகிறது. இந்த மாதக் கூட்டத்துக்கு வேறு புத்தகம், பாதிகூடத் தாண்டவில்லை.