அடர் சாம்பல் நிறத்தில் ஒரு பான்சர்: 1/72 அளவில் வண்ணம் பூசிய அனுபவம்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய வண்டிகளின் சிற்றுருக்களில் அடர் சாம்பல் நிறத்தவையே பூசுவதற்கு மிக எளியவை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. மூவண்ண உருமறைப்பு இல்லை, விளிம்புகளை ஒட்டுத்தாளால் மறைக்க வேண்டியதில்லை, ஒரே நிறம்தான் என்பது அவர்கள் சொல்லும் காரணம். 1/72 அளவில் (உண்மை வண்டியில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) ஒரு பான்சர் III டாங்கியையும், அதனுடன் செல்ல எஸ்டி.கே.எஃப்.இசட். 251 அரைச்சங்கிலி வண்டி ஒன்றையும் பூசி முடித்த பிறகு, எனக்கு அந்த எண்ணம் அறவே இல்லை. ஒரே நிறம், அதுவும் கறுப்பை ஒட்டிய நிறம் என்பதால், வடிவத்தை எடுத்துக்காட்டும் பொறுப்பு முழுவதும் பூசுபவரின் கையில் வந்து விழுகிறது.

எந்தக் காலத்து வண்டி என்பதை முதலில் முடிவு செய்துகொண்டேன். 1937ஆம் ஆண்டின் ஆணைப்படி ஜெர்மானிய இராணுவ வண்டிகள் அடர் சாம்பலின் மேல் அடர் பழுப்புத் திட்டுகளுடன் பூசப்பட்டன. பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பழுப்பு. இரண்டு நிறங்களும் ஒரே அளவுக்கு அடர்ந்தவை என்பதால் அக்காலக் கறுப்பு வெள்ளைப் படங்களில் அந்தத் திட்டுகள் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. போலந்து, பிரான்ஸ் படையெடுப்பு வண்டிகளை முழுச் சாம்பலாகவே நெடுங்காலம் மாதிரிக் கலைஞர்கள் பூசி வந்ததற்கு இதுவே காரணம். 1940 ஜூலை இறுதியில் பெயின்டைச் சிக்கனப்படுத்தும் பொருட்டுப் பழுப்பைக் கைவிட்டு, முழுவதும் அடர் சாம்பலில் பூசும்படி ஆணை வந்தது. 1943 பிப்ரவரியில் அடிநிறம் அடர் மஞ்சளாக மாறும் வரை இந்நிலை நீடித்தது. ஆகவே 1941 கோடையில் கிழக்கு முனைக்குச் சென்ற வண்டியைத் தேர்ந்தெடுத்தால் பழுப்புத் திட்டு பற்றிய விவாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சாம்பலில் மட்டும் கவனம் செலுத்தலாம்.

அடுத்தது, எந்தச் சாம்பல் என்ற கேள்வி. அதிகாரபூர்வமான விடை தெளிவாகவே இருக்கிறது: முன்பு 46 என்ற எண்ணால் குறிக்கப்பட்டு, பிறகு ரால் என்ற ஜெர்மானிய நிறத்தர வரிசையில் 7021 என்று எண் மாற்றப்பட்ட நிறம் அது. ரால் நிற அட்டையில் அதைப் பார்த்தால், மெல்லிய நீலச் சாயலுடன் கூடிய, கிட்டத்தட்டக் கறுப்பு. அதை அப்படியே ஏழரை சென்டிமீட்டர் நீளமுள்ள டாங்கியின் மேல் பூசினால் கிடைப்பது கறுப்பு பிளாஸ்டிக் கட்டிதான். ரிவெட்டுகளும் தகடுகளின் இணைப்புக் கோடுகளும் அதற்குள் மறைந்துபோகும்.

மாதிரி சிறியதாக ஆக நிறத்தை வெளிர்க்க வேண்டும் என்ற வழக்கு இதனால்தான் வந்தது. இடையில் உள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்கிறது என்று இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கத்தை நான் முழுமையாக ஏற்பதில்லை. 1/72 மாதிரியை 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது, உண்மையான வண்டியை 21.6 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். தெளிந்த நாளில் அவ்வளவு காற்று எந்த நிறத்தையும் பெரிதாக மாற்றிவிடாது. வெளிச்சமே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. உச்சி வெயிலில் வண்டியின் மேல் விழும் ஒளி ஒரு இலட்சம் லக்ஸை எட்டக்கூடும்; அறை விளக்கின் கீழ் மாதிரிக்குக் கிடைப்பதோ சில நூறு லக்ஸ் மட்டுமே. குறைந்த ஒளியில் அடர்நிறங்களுக்கு இடையே உள்ள வேறுபாடுகளைக் கண் முதலில் இழந்துவிடுகிறது. எப்படியிருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே: அடிநிறத்தை வெளிர்ப்பது.

எதைக் கலந்து வெளிர்ப்பது என்பதில்தான் பெரும்பொழுது சென்றது. டாமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் கிரே என்ற அக்ரிலிக் பெயின்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் கலவைகளைத் தெளித்துப் பார்த்தேன். வெறும் வெள்ளையைக் கலந்தால் நிறம் வெளிர்ந்தாலும் உயிரற்றுப் போகிறது. சாம்பல் பூசியது போலன்றிச் சுண்ணாம்பு அடித்தது போல் நிற்கிறது. மணல் நிறத்தைக் கலந்தால் மஞ்சளும் கறுப்பும் சேர்ந்து சாம்பல் பச்சைக்குச் சாய்கிறது. அது ஜெர்மானிய வண்டியாகவே தோன்றாது. வெளிர் சாம்பலான எக்ஸ்எஃப்-66ஐக் கலந்து, அதனுடன் ஒரு துளி நீலமும் சேர்த்தபோதுதான் அடர் சாம்பல் தன் குணத்தை இழக்காமல் வெளிர்ந்தது. நீலம் அளவு மீறினால் வண்டி கடற்படைக் கப்பலைப் போலாகிவிடும் என்பதால், பல்குத்தும் குச்சியின் நுனியால் அதைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

கரண்டிகளை அறை விளக்கிலும் பகல் வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இதற்கு மேல் எனக்குப் பெரிதும் உதவியது கைப்பேசி கேமரா. கரண்டியைப் படமெடுத்து நிறத்தை நீக்கி, அக்காலப் புகைப்படங்களுக்கு அருகில் வைத்துப் பார்த்தால், வெளிர்வும் அடர்வும் எந்த அளவில் இருக்கின்றன என்பது தெரிகிறது. அக்காலப் ஃபிலிம்கள் எல்லாம் நிறங்களை ஒரே விதமாகப் பதிவு செய்யவில்லை. ஆகவே இதை அளவுகோலாகக் கொள்ள முடியாது, திசைகாட்டியாக மட்டுமே கொள்ளலாம். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: அந்தப் படங்களில் வண்டியின் மேற்பரப்புகள் வெளிறியும் பக்கவாட்டுகள் இருண்டும் இருக்கின்றன, கீழ்ப்பகுதியோ தூசியால் மேற்பகுதியைவிட வெளிர்ந்திருக்கிறது. எந்தப் புட்டி நிறமும் தனித்து இதைத் தராது.

பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, சக்கரங்களையும் சங்கிலிகளையும் தனியே வைத்துக்கொண்டு, உடற்பகுதிக்குக் கறுப்பு பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடித்தேன். கறுப்பைத் தேர்ந்ததற்குக் காரணம், மட்கார்டுகளுக்கு அடியிலும் சுழல்கோபுரத்தின் கழுத்திலும் அது இயல்பான நிழலாகத் தங்கிவிடும் என்பதே. அதன்மேல் 0.3 மில்லிமீட்டர் முனை கொண்ட ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் கருவி), பால் போல் நீர்த்த கலவையை ஏறத்தாழ 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், மேலிருந்து கீழ்நோக்கி மெல்லிய படலங்களாகத் தெளித்தேன். முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பிறகு அதே கலவையை இன்னும் சற்று வெளிர்த்து, இயந்திர மூடி, சுழல்கோபுரக் கூரை, மட்கார்டின் மேற்பரப்பு ஆகியவற்றின் நடுப்பகுதிகளில் மட்டும் சேர்த்தேன். ஏர்பிரஷ் இல்லாமல் தூரிகையால் பூசுபவர்களுக்கு டாமியா அக்ரிலிக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது பூச்சு முதலாவதைக் கரைத்து இழுத்துவிடும். தூரிகைக்கு வயேஹோ போன்ற நீர் அடிப்படையிலான பெயின்ட் எவ்வளவோ மேல்.

இந்தக் கட்டத்தில் வண்டி விரும்பியதைவிட வெளிர்ந்து தெரியும். அஞ்ச வேண்டியதில்லை, இனி வரும் படலங்களில் பல அதை இருட்டாக்கவே செய்யும். பளபளப்பான வார்னிஷ் அடித்த உடனேயே ஒரு படி இருண்டுவிடும். அந்த வார்னிஷின் மேல் டெக்கால் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டினால்தான் விளிம்பில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னாது. ஜெர்மானிய வண்டிகளின் அடையாளச் சின்னம் சிலுவை; போலந்தில் 1939இல் பூசப்பட்ட முழு வெள்ளைச் சிலுவைகள் எதிரிப் பீரங்கிகளுக்குக் குறிவைக்கும் புள்ளியாகவே அமைந்துவிட்டன என்பதால், 1941இல் இருந்தவை வெள்ளை விளிம்பு கொண்ட அடக்கமான சிலுவைகள். வெள்ளை விளிம்பின் கூர்மையை வெளிர் சாம்பலால் சற்று மங்கச் செய்தேன். தூய வெள்ளை அத்தனை இருண்ட பரப்பில் பொம்மைத்தனத்தைக் கொண்டுவந்துவிடும்.

மஞ்சள் வண்டிகளில் அடர்நிற வாஷ் (மிகவும் நீர்த்த பெயின்ட்) பள்ளங்களுக்குள் ஓடியதும் விவரங்கள் எழுந்து நிற்கும். அடர் சாம்பலில் அது நடப்பதில்லை, ஏனெனில் கறுப்புக்கு அருகில் உள்ள நிறத்தை மேலும் கறுப்பாக்க இடமே இல்லை. இங்கே வடிவத்தைக் காட்டுவது ஒளி. எனவே வாஷைப் பழுப்புச் சாயலுடன் ரிவெட்டுகளின் அடியில் மட்டும் ஊசிமுனையளவு வைத்துவிட்டு, நேரத்தை விளிம்புகளில் செலவிட்டேன். அடிநிறத்தைவிட இரண்டு படி வெளிர்ந்த நீலச்சாம்பலால் மூடிகளின் ஓரம், கருவிப்பெட்டியின் மேல்முனை, பார்வைத்துளைகளின் மேல்விளிம்பு ஆகியவற்றில் மயிரிழையாகக் கோடிட்டேன். கோடு வரையும்போது மிகையாகத் தோன்றும். தூசி ஏறிய பிறகு சரியாக அமர்ந்துவிடும்.

எண்ணெய் வண்ணங்கள்தாம் இந்த வேலையின் இதயம் என்பேன். டைட்டேனியம் வெள்ளை, நீலம், காவிமஞ்சள், பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு ஆகியவற்றை ஓர் அட்டைத்துண்டில் பிதுக்கி வைத்தால் அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வண்ணம் பளபளக்காமல் உலரும். அவற்றைச் செங்குத்தான தகடுகளில் சிறு புள்ளிகளாக இட்டு, ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் தோய்த்து ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்ட தூரிகையால் மேலிருந்து கீழே இழுத்தேன். பெரும்பகுதி மறைந்துபோய், எங்கோ ஒரு நீலச் சாயல், எங்கோ மழைநீர் வழிந்த தடம் என்று மிஞ்சுகிறது. பக்கத்துப் பக்கத்துத் தகடுகளுக்கு வெவ்வேறு சாயல் கொடுத்தால், ஒரே நிறம் ஒரே நிறமாகவே இருந்துகொண்டு தகடு தகடாகப் பிரிந்து நிற்கும்.

பெயின்ட் உரிந்த அடையாளங்களில் பலர் கட்டுப்பாட்டை இழந்துவிடுவதைப் பார்க்கிறேன். 1/72 அளவில் ஒரு மில்லிமீட்டர் உரிவு என்றால் உண்மையில் 7.2 சென்டிமீட்டர், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து சில மாதங்களுக்கு முன் வந்திருக்காது. குழுவினர் ஏறி இறங்கும் மூடிகளின் ஓரத்திலும் மட்கார்டின் முன்முனையிலும் அடர் பழுப்பில் சில புள்ளிகள் வைத்து, மென்மையான பென்சிலின் கரியை விரலால் தேய்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

தூசிக்கு முன் மங்கல் வார்னிஷ். அதன்மேல் மிகவும் நீர்த்த மணல் நிறத்தைச் சக்கரங்களின் உயரம் வரை ஏர்பிரஷால் ஏற்றி, ஈரத்தூரிகையால் இங்கங்கு துடைத்தெடுத்தேன். கலவையில் சேர்க்கக் கூடாது என்று ஒதுக்கிய அதே மணல் நிறம் இங்கே பெரும் உதவி செய்கிறது: இதமான மஞ்சள் தூசி அருகில் வந்ததும், வெளிர்த்த சாம்பல் மீண்டும் நீலம் கலந்த அடர் சாம்பலாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அதிகாரபூர்வ நிறத்தை விட்டு விலகி வந்தவர்களை, தூசிதான் அதற்குத் திருப்பி அழைத்துச் செல்கிறது.

சக்கரங்கள் தனிச் சிக்கல். பான்சர் III-இன் ஓடுசக்கரங்களுக்கு ரப்பர் விளிம்பு உண்டு; ரப்பரும் சாம்பலும் ஏறத்தாழ ஒரே அடர்வில் இருப்பதால், இரண்டும் கலந்து சக்கரம் வெறும் தட்டாகிவிடும். ரப்பருக்குப் பழுப்பு கலந்த சாம்பல் கொடுத்து, இரும்புப் பகுதியைச் சற்று நீலமாக விட்டபோது எல்லை தெரிந்தது. சங்கிலிக்கு வெள்ளி நிறம் பூசவே கூடாது. அடர் பழுப்புச் சாம்பலின் மேல் மண்பொடியைத் தூவி, தரையில் உராயும் மேடுகளிலும் சக்கரம் ஓடும் உட்புறத்திலும் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். விளையாட்டுக்காகக் கையில் எடுக்கப்படும் மாதிரி என்றால் மண்பொடியை வார்னிஷால் பூட்ட வேண்டியிருக்கும். வார்னிஷ் பட்டதும் பொடி ஓரிரு படி இருண்டுவிடும் என்பதால், அதை வேண்டியதைவிட வெளிர்ந்த நிறத்தில் தூவி, ஏர்பிரஷை எட்டப் பிடித்து, இரண்டு மெல்லிய படலங்களாக அடித்தேன்.