பால் வாங்கப் போன காலைகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அப்பா இறந்து ஆறேழு மாதம் கழித்து, ஒருநாள் ஒரே பில்லை மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் வேறு வேறு தொகை வந்தது. அப்பாவுக்கான அழுகையெல்லாம் முன்பே அழுது முடித்திருந்தேன். இது அந்தத் துக்கம் இல்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பேன்.

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். “உனக்கென்னடா குறை?” என்றார் மாமா. திருவந்திபுரம் போய் மலைப்படி ஏறி ஹயக்ரீவரைக் கும்பிட்டேன். இறங்கும்போதும் நெஞ்சில் அதே கனம்தான். அண்ணிதான் ஒருநாள் வந்து நின்றார். “தம்பி, நாலு நாளா இதே சட்டை. நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லுங்க. நானும் வரேன்.”

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டை அண்ணியே வாங்கினார். மனநல மருத்துவர் தூக்கம், பசி, வேலையில் கவனம், எத்தனை வாரமாக இப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தைராய்டு குறைந்தாலும் இப்படிச் சோர்வு வரும் என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். அப்புறம் நேராகவே கேட்டார்: “செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?” தோணியிருக்கு என்றேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. அந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்றுதான் அத்தனை மாதமும் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. மாத்திரையை அண்ணியிடம் கொடுத்து, அவரே எடுத்துத் தரவேண்டும் என்றார் மருத்துவர்.

முதல் பத்து நாள் குமட்டல். மூன்றாவது வாரத்தில் மூன்றரை மணி விழிப்பு ஐந்து மணிக்குத் தள்ளிப்போனது. சரியாகிவிட்டது என்று நினைத்து, அண்ணி ஊருக்குப் போயிருந்த நான்கு நாள் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். தலைசுற்றலும் எரிச்சலுமாகத் திரும்பவும் ஓ.பி.க்கு ஓடினேன். நன்றாக இருந்தாலும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரவேண்டும், நிறுத்துவதையும் படிப்படியாகத்தான் செய்யவேண்டும் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்.

மருத்துவமனையின் மனநல ஆலோசகர் சொன்ன இன்னொன்றைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “மனசு சரியானதும் செய்யலாம்னு காத்திருக்காதீங்க. சின்ன வேலையா, தினம் ஒரே நேரத்துல செய்யுங்க. மனசு பின்னாலயே வரும்.” அண்ணி அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தார்: காலை ஆறு மணிக்குப் பால்.

முதல் நாள் வாசற்படியில் ஒயர் கூடையும் சில்லறையும் இருந்தன. செருப்பை மாட்டவே பத்து நிமிடம் ஆனது. பால் பூத், எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. திரும்பும்போது பால் பாக்கெட்டின் குளிர்ச்சி விரல்களில் ஏறியது. அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. ஆனால் பால் வராவிட்டால் வீட்டில் யாருக்கும் காபி கிடையாது என்பதால் மறுநாளும் போனேன். போகமுடியாத நாட்களும் இருந்தன. அன்று அண்ணன் போவார், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மறுநாள் கூடை மறுபடி வாசற்படியில் இருக்கும். பூத்தில் இருக்கும் அக்கா மட்டும், “நேத்து காணோமே தம்பி” என்பார். நான் வராததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது அந்த நாட்களில் எனக்குப் பெரிய ஊன்றுகோல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பன் ஒருவன் வண்டியில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு அழைத்துப் போவான். புத்திமதி எதுவும் சொல்லமாட்டான். சூரியன் மேலே வரும்வரை ஈர மணலில் நடப்போம். ஐப்பசியில் ஒருநாள், அண்ணி வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, “உப்பு கொஞ்சம் தூக்கல் அண்ணி” என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் அழுதார்.

பக்கத்தில் அண்ணி மாதிரி யாரும் இல்லாதவர்களை நினைத்துக்கொள்கிறேன். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மூன்றரை மணிக்கு விழித்துக் கிடப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மாத்திரையின் அளவைக் குறைக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். இந்தமுறை தனியாகவே போய் வருகிறேன் என்றேன். அண்ணி, தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.