969 வயசு எப்படி?

மெத்தூசலா என்பவர் 969 வருஷம் வாழ்ந்தார் என்கிறது பைபிளின் முதல் நூலான ஆதியாகமம். அது வருஷமில்லை, சந்திர மாதக் கணக்கு, 12.4ஆல் வகுத்தால் 78 வருமே என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில் அவருடைய அப்பா ஏனோக்கு 65 வயதில் அவரைப் பெற்றதாக இருக்கிறது, அதையும் வகுத்துப் பாருங்கள், ஐந்து வயது அப்பா!

எனக்குச் சரியான விளக்கமாகப் படுவது, இன்றைய ஈராக் பகுதியில் பழங்காலத்தில் வாழ்ந்த சுமேரியர் கதைதான். அவர்களுடைய அரசர் பட்டியலில் முதல் அரசர் அலுலிம் 28,800 வருஷம் ஆண்டாராம். அவர்கள் எண்ணியது அறுபதின் அடிப்படையில், 3,600 என்பது அவர்களுக்கு ஒரு முழு அலகு, அப்படி எட்டு சேர்ந்தால் சரியாக 28,800. யாரும் பிறந்தநாள் குறித்து வைத்த எண் மாதிரியா இருக்கிறது? பெருமைக்காகப் போட்ட எண். அப்புறம் நம் தசரதரின் அறுபதாயிரம் வருஷம், அதுவும் உருட்டி வைத்த எண்தானே.